ஆடி கழியட்டும்

பாப்பாயி தன் மருமகனிடம் நேருக்கு நேர் பேசுவதில்லை. அவர்களுக்குள் சண்டையோ மனத்தாங்கலோ கிடையாது. அவள் வாழ்ந்த உடையார்பாளையம் பக்கத்தில் மாமியார்களுக்கு அது ஒரு மரியாதை. மணிவண்ணன் வீட்டுக்குள் நுழைந்தால் முந்தானையைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டு அடுப்படிப் பக்கம் ஒதுங்குவாள். சொல்ல வேண்டியதை மகள் மலர்க்கொடியிடம் சொல்வதுபோலச் சொல்வாள். மகள் பக்கத்தில் இல்லாவிட்டால் சுவரைப் பார்த்துச் சொல்வாள். "சோறு ஆறுது மலரு" என்று சுவரிடம் சொன்னால் மணிவண்ணன் கைகழுவிக்கொண்டு வந்து உட்காருவான். "மழை வரும்போல இருக்கு மலரு" என்றால் கொடியில் காயும் தன் வெள்ளைச் சட்டையை எடுத்து உள்ளே போடுவான்.

புருஷன் போன பிறகு முந்திரி உடைத்துக் கால் வயிறும் அரை வயிறுமாகக் கிடந்தவளை அரியலூருக்கு அழைத்து வந்தவனே அவன்தான். ஒரு நாள் தன் வாடகைக் காரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தி, அவள் முறையிலேயே, உள்ளே பார்க்காமல் பெண்டாட்டியிடம் சொன்னான். "மலரு, அத்தையைக் கெளம்பச் சொல்லு. நம்ம வூட்ல ஒரு ஆளுக்குக் கூடுதலா ஒலை வெச்சா அடுப்பு கோவிச்சுக்காது."

முந்திரிக்கொட்டைத் தோட்டின் காரப் பாலில் வெந்து தோலுரிந்த விரல்களை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு அன்று அவள் காரில் ஏறினாள். அந்தக் காரைத்தான் பிறகு தானே கெடுத்துவிட்டதாக அவள் நினைக்கும்படி ஆயிற்று.

கார்த்திகை மாதத்தில் ஒரு மத்தியானம், அடிபட்ட காருக்குக் கேட்டிருந்த பணம் பற்றி இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. மலர்க்கொடி அதை வாசித்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"தர முடியாதுன்னுட்டாங்கம்மா."

"ஏனாம்? ஒழுங்காத்தான கட்டிக்கிட்டு வந்தாரு?"

"எஃப்.சி. இல்லாம வண்டி ஓடியிருக்காம். அதனால ஒண்ணும் கெடையாதாம்."

பாப்பாயி கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். எஃப்.சி. என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியும். வாடகைக் காரைக் குறித்த காலத்துக்கு ஒருமுறை ஆர்.டி.ஓ. ஆபீசுக்குக் கொண்டுபோக வேண்டும். பிரேக் இன்ஸ்பெக்டர் என்று எல்லோரும் சொல்லும் அதிகாரி பிரேக்கையும் லைட்டையும் டயரையும் சோதித்து, இந்த வண்டி ரோட்டில் ஓடத் தகுதியானது என்று சான்று கொடுப்பார். அதற்கு முன்னால் நெளிசல்களைத் தட்டிச் சரிசெய்து, பெயிண்ட் அடித்து, கல்யாணப் பெண் மாதிரி கொண்டுபோய் நிறுத்துவது டிரைவர்களின் வழக்கம்.

இதெல்லாம் இப்போது தெரியும். ஆடி மாதத்தில் தெரிந்திருக்கவில்லை.

அந்த ஆடியில் பெயிண்டர் சரத்குமார் வீட்டுக்கு வந்து காரைச் சுற்றிச்சுற்றிப் பார்த்தான். "எஃப்.சி. தேதி வாங்கியாச்சுல்ல? வெள்ளிக்கெழம கொண்டாந்து விடுங்கண்ணே, பளபளன்னு ஆக்கிரலாம்" என்றான். அடுப்படியில் இருந்த பாப்பாயிக்கு அது காதில் விழுந்தது. அவள் வீட்டில் ஆடியில் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்ததில்லை, புதுப் பானைகூட வாங்கியதில்லை. சோறு போடும் வண்டிக்கு ஆடியில் புதுக்கோலமா? அவள் சுவரைப் பார்த்தாள்.

"ஆடியில வண்டிய புதுசு பண்ண வேணாம் மலரு. ஆடி கழியட்டும்."

"நல்லா இருக்கும்மா ஒங்க நியாயம். ஆடியில பெயிண்ட்காரன் சோறு திங்க வேணாமா?" என்று சரத்குமார் சிரித்தான். மலர்க்கொடியும், "அது கெடக்கு அந்தக் காலத்துப் பேச்சு, நீங்க கொண்டு போங்க" என்று புருஷனிடம் சொன்னாள்.

மணிவண்ணன் காரை ஒரு சுற்று சுற்றி வந்தான். பிறகு செல்போனை எடுத்துத் தேதியை ஆவணிக்கு மாற்றினான்.

"இந்த வூட்டுக்கு வந்ததுலேருந்து ஒண்ணு வேணும்னு கேட்டதில்ல. மொத மொதல்ல ஒண்ணு கேட்டிருக்காங்க. பழைய எஃப்.சி. கெடு முடிஞ்சதும் வண்டிய நிறுத்திருவோம். ஆடி முடியிற வரைக்கும் நிக்கட்டும்" என்றான்.

சொன்னபடியே நிறுத்தினான். மேலே உறை போட்டு மூடி, ஸ்டாண்டுக்கும் போகவில்லை. ஆனால் ஆடியின் கடைசி வாரத்தில் ஒரு காலை அடுத்த தெரு சுமதி தலைமுடியை அள்ளி முடியாமல்கூட ஓடி வந்தாள். அவள் புருஷன் ஐயாக்கண்ணுவுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போய், தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரியில் முறை வைத்து ரத்தத்தைச் சுத்தம் செய்து வருகிறார். வழக்கமாகப் பஸ்ஸில் போய்விடுகிற மனிதர் அன்று கால் வீங்கி, மூச்சு இரைத்து, எழுந்திருக்க முடியாமல் கிடந்தார். ஆம்புலன்சுக்குப் போன் போட்டால் எங்கோ விபத்து, நேரமாகும் என்றார்கள்.

மணிவண்ணன் உறையை உருவிப் போட்டான். எஃப்.சி. இல்லை என்பது நினைவில்லாமல் இல்லை. நினைவிருந்தேதான் எடுத்தான்.

கீழப்பழுவூர் தாண்டுவதற்குள் ஐயாக்கண்ணு, "வாயி ஒரே கசப்பா இருக்கு தம்பி, நாக்கை நனைக்க ஒரு வாய் டீ" என்றார். ரோட்டை விட்டு நன்றாக இறக்கிக் காரை நிறுத்தி, புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரையும் கடை பெஞ்சில் உட்கார வைத்தான் மணிவண்ணன். டீ கைக்கு வருவதற்குள் பின்னாலிருந்து வந்த சுண்ணாம்புக்கல் லாரி ஒன்று ரோட்டை விட்டு இறங்கி, நின்ற காரைப் புளியமரத்தோடு சேர்த்து அப்பிவிட்டு, நிற்காமல் போய்விட்டது. நம்பரை யாரும் பார்க்கவில்லை.

காருக்குள் அவர்கள் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை ஐயாக்கண்ணு இன்றைக்கும் நினைத்துக் கையெடுத்துக் கும்பிடுவார். கசந்த வாய்க்குக் கேட்ட ஒரு வாய் டீயில் மூன்று உயிர் தப்பியது. டீக்கடைக்காரர் கடையைப் பெண்டாட்டியிடம் விட்டுவிட்டுத் தன் மச்சானின் வேனில் நோயாளியைத் தஞ்சாவூரில் கொண்டு சேர்த்தார். தெய்வம் எப்போதும் இப்படித்தான், தனக்கென்று ஒரு கையும் வைத்துக்கொள்ளாமல் யாரோ ஒருவருடைய கையைக் கடன் வாங்கிக்கொள்கிறது.

மூன்று உயிர் தப்பியதைப் பாப்பாயியும் நினைக்காமல் இல்லை. ஆனால் கடிதம் வந்த நாளிலிருந்து அவளுக்கு மனதில் ஒன்றே ஒன்று ஓடியது. தன் வாய்தான் அந்தக் காரை நொறுக்கியது. லாரி இடித்ததற்கு அவள் பொறுப்பில்லை, ஆனால் இன்சூரன்ஸ் கைவிட்டதற்கு அவள்தான் காரணம்.

மணிவண்ணன் இன்னொருவர் காரை ஓட்டும் ஆக்டிங் டிரைவராகப் போனான். சொந்த வண்டிக்காரன் யாரோ ஒருவரின் சாவிக்காகக் காத்திருப்பது எப்படிப்பட்டது என்று அவன் முகம் சொல்லவில்லை, சட்டை சொன்னது. கசங்கி வந்தது. அவன் வீடு திரும்பும்போதெல்லாம் பாப்பாயி ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தாள். 'உங்க பேச்சைக் கேட்டுத்தான்' என்ற அந்த ஒரு வார்த்தை. வந்துவிட்டால் வாங்கிக்கொண்டு அழுது தீர்த்துவிடலாம். அது வரவேயில்லை. குழம்பில் உப்பு கூடியதென்றுகூட அவன் அந்த நாட்களில் சொன்னதில்லை.

ஒரு நாள் துணிமணியைப் பையில் போட்டுக் கட்டினாள். "நான் ஊருக்கே போறேன் மலரு. நான் இருக்கிற எடம் வெளங்காது."

மலர்க்கொடி அழுதாள். மணிவண்ணன் செருப்பைப் போட்டபடியே சுவரிடம் பேசினான்.

"மலரு, பெரம்பலூர்ல கேஸ் போடப் போறேன். வண்டி திரும்பி வரும். வரும்போது சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வெக்க ஆளு வேணும். ஒனக்கு அதெல்லாம் சரியா வராது."

பாப்பாயி பையை அவிழ்க்கவில்லை. ஆனால் போகவும் இல்லை. "கேஸ் முடியிற வரைக்கும்தான் மலரு. தோத்துப்போனா நான் இங்க ஒரு வாய் சோறு திங்க மாட்டேன்" என்று சுவரிடம் சொல்லிவிட்டு, கட்டிய பையைக் கட்டிலுக்கடியில் தள்ளினாள்.

கம்பெனியின் கிளை பெரம்பலூரில் இருந்தது. வக்கீல் சத்யாவும் பெரம்பலூர்தான். ஒருமுறை பாடாலூருக்குப் பக்கத்தில் ஹைவேயில் ஸ்கூட்டர் நின்றுபோய் அந்தப் பெண் தனியாகத் தவித்தபோது, காலி வண்டியோடு வந்த மணிவண்ணன் ஏற்றிக்கொண்டு போய் வீட்டில் விட்டிருந்தான். வாடகை வாங்கவில்லை. அவன் அதை மறந்துபோயிருந்தான். சத்யா மறக்கவில்லை. "அண்ணே, வண்டி நின்னுக்கிட்டிருந்திருக்கு. நிக்கிற வண்டிக்குப் பிரேக் நல்லா இருந்தா என்ன, இல்லாட்டி என்ன? இதை நான் நடத்துறேன்" என்று நுகர்வோர் கோர்ட்டில் வழக்குப் போட்டாள்.

விசாரணைக்கு முந்தின வாரம் சரத்குமார் வந்தான். நொறுங்கிய கார் அவன் பட்டறையில்தான் தார்ப்பாய்க்கடியில் கிடந்தது.

"அண்ணே, நான் ஒண்ணு சொல்றேன். கம்ப்யூட்டர் வேல செய்யல, எஃப்.சி.க்குத் தேதியே கெடைக்கலன்னு சொல்லிருங்க. ஊருல எல்லாரும் சொல்றதுதான். யாரு போய்ப் பாக்கப் போறா?"

பாப்பாயிக்கு அது சாமி வாக்குப் போலக் கேட்டது. "அவரு சொல்றதும் சரிதான மலரு" என்று சுவரிடம் கெஞ்சினாள்.

"தேதி கெடைச்சுதே மலரு" என்றான் மணிவண்ணன். "கெடைச்ச தேதிய நான்தான மாத்தினேன். இல்லாத பழிய எதுக்கு அந்த ஆபீஸ் மேல போடணும்? அங்கயும் நம்மளப் போல மனுசங்கதான் ஒக்காந்திருக்காங்க."

"அப்ப ஏன் மாத்தினேன்னு கேட்டா?" என்றான் சரத்குமார்.

"சொந்தக் காரணம்."

சத்யாவிடமும் அதையேதான் சொல்லியிருந்தானாம். மலர்க்கொடி சொன்னபோது பாப்பாயிக்கு அதன் கனம் முழுதாகப் புரியவில்லை. விசாரணை அன்று தானும் வருவேன் என்று பிடிவாதம் பிடித்து, மாரியம்மன் திருநீறை முந்தானையில் முடிந்துகொண்டு, பஸ் ஏறிப் பெரம்பலூர் போனாள்.

கோர்ட் என்றால் பெரிய மாளிகை என்று நினைத்திருந்தாள். பள்ளிக்கூட வகுப்பறை மாதிரி ஒரு அறை, சத்தம் போடும் ஃபேன். நடுவில் கண்ணாடி போட்ட ஒரு அம்மா தலைவராக உட்கார்ந்திருந்தார். கம்பெனி வக்கீல் அறிவரசன் தலை நரைத்தவர், குரலை உயர்த்தாமல் பேசுகிறவர். ஐயாக்கண்ணுவும் டீக்கடைக்காரரும் எழுதிக் கொடுத்த சாட்சியங்கள் முன்பே சேர்ந்திருந்தன. தலைவர் அம்மாள் மணிவண்ணனை நேரில் சில கேள்விகள் கேட்க அனுமதித்தார்.

"எஃப்.சி. முடிஞ்சது உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார் அறிவரசன்.

"தெரியும் சார்."

"தெரிஞ்சே ஓட்டுனீங்க."

"ஆமாங்க சார். ஐயாக்கண்ணு அண்ணனுக்கு அன்னிக்கு ரொம்ப முடியல."

"அது சரி. ஆனா எஃப்.சி.க்குத் தேதி வாங்கிட்டு, நீங்களாவே தள்ளிப் போட்டிருக்கீங்க. பிரேக்ல ஏதோ கோளாறு, கொண்டுபோனாத் திருப்பி அனுப்பிருவாங்கன்னுதான தள்ளிப் போட்டீங்க? கோளாறான வண்டின்னு தெரிஞ்சேதான நோயாளிய ஏத்தினீங்க?"

"இல்லைங்க சார். வண்டி நல்லா இருந்துச்சு."

"அப்புறம் ஏன் தள்ளிப் போட்டீங்க?"

மணிவண்ணன் பின்னால் திரும்பிப் பார்க்காமல் சொன்னான். "சொந்தக் காரணம் சார்."

தலைவர் அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார். "சொல்லலைன்னா, கம்பெனி சொல்றதுதான் உண்மையோன்னு எனக்கே தோணும்ல தம்பி?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். சத்யா அவனைப் பார்த்துக் கண்ணால் கெஞ்சினாள். அவன் நிமிரவில்லை.

பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்த பாப்பாயிக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. நாலு பேர் கூடிய சபையில், 'என் மாமியார் பேச்சைக் கேட்டுத்தான் இப்படி ஆச்சு' என்று சொல்ல அவனுக்கு நா எழவில்லை. அதைச் சொல்வதைவிடக் காரை விட்டுக்கொடுத்துவிடலாம் என்று நிற்கிறான். தன்னைப் பெற்றவளுக்காக ஒருவன் இப்படி நிற்பதை அவள் பார்த்திருக்கிறாள். பெண்ணைக் கொடுத்தவளுக்காக ஒருவன் நிற்பதை அன்றுதான் பார்த்தாள்.

முந்தானை தோளிலிருந்து நழுவியதுகூடத் தெரியாமல் எழுந்தாள்.

"நான்தாங்கம்மா சொன்னேன்."

வாசலில் நின்ற ஊழியர் 'உஸ்' என்றார். தலைவர் அம்மாள் கையமர்த்தினார். "நீங்க யாரும்மா?"

"இவருக்குப் பொண்ணு குடுத்தவங்க. ஆடி மாசத்துல வண்டிக்குப் புதுப் பெயிண்ட் அடிக்க வேணாம்னு நான் செவுத்தப் பாத்துச் சொன்னேன். இவரு காதுல வாங்கிக்கிட்டாரு. வண்டியில ஒரு கொறையும் இல்லீங்க. கொற எம் புத்தியிலதான் இருந்துச்சு."

"பெயிண்ட் அடிக்காததுக்கும் எஃப்.சி. எடுக்காததுக்கும் என்னம்மா சம்பந்தம்?"

"எஃப்.சி.ன்னா பெயிண்ட் அடிச்சுக் காட்டுறதுன்னுதாங்க அன்னிக்கு நெனச்சுக்கிட்டிருந்தேன்."

அறையில் சிரிப்பு எழுந்து அடங்கியது. அவள் அதைப் பொருட்படுத்தவில்லை. மணிவண்ணன் நின்ற பக்கம் திரும்பினாள். அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து முதல் முறையாக மருமகன் முகத்தைப் பார்த்து, சுவர் இல்லாமல், மகள் இல்லாமல் பேசினாள்.

"கேட்டாச் சொல்ல வேண்டியதுதான மாப்ள? எம் பேரு என்ன சாமி பேரா, கண்ட எடத்துல வாயில எடுக்கக் கூடாதுன்னு?"

மணிவண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. மலர்க்கொடி சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டாள். அறிவரசன் கையிலிருந்த தாள்களை மெதுவாக மேசைமேல் வைத்தார்.

"அம்மா, பிரேக் கோளாறுன்னு நான் கேட்டதை இதோட விட்டுடறேன். அதுக்கு எங்ககிட்ட ஆதாரம் கெடையாது. ஆடிங்கிறதை நான் நம்புறேன். போன ஆடியில எங்க வூட்டு ஃபிரிட்ஜ் கெட்டுப்போயி, ஆவணி பொறக்கிற வரைக்கும் புதுசு வாங்க விடல எங்க வூட்டம்மா. மோர் குடிச்சே காலத்த ஓட்டுனேன்."

"அதைப் பதிவு பண்ண வேண்டாம்" என்றார் தலைவர் அம்மாள், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"ஆனா சட்டம் சட்டம்தான். எஃப்.சி. இல்லாம ஓட்டுனது தப்புன்னு நான் வாதாடத்தான் செய்வேன்" என்றார் அறிவரசன். அது அவர் வேலை. அதையும் செய்தார். ஆனால் இல்லாத பழியைப் போடாமல் செய்தார். எதிரில் நிற்பவன் மானத்தில் கைவைக்காமல் தன் பக்கத்துக்கு வாதாடுகிற மனிதரை எதிரி என்று சொல்ல யாருக்கு மனம் வரும்?

பாப்பாயி சொன்னதைச் சத்யா முறைப்படி எழுதி, வாசித்துக் காட்டி, அவள் கையெழுத்தோடு தாக்கல் செய்தாள்.

தீர்ப்புக்கு நாளாயிற்று. நடுவில் இன்னொரு ஆடியும் வந்து போனது. ஒருவழியாக வந்தபோது சத்யா போனில் சொல்ல, மலர்க்கொடி எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தாள். தெரிந்தே ஓட்டியது தவறு. ஆனால் ஓரமாக நின்ற காரை லாரி இடித்ததற்கும் சான்று இல்லாததற்கும் ஒரு தொடர்பும் இல்லை. அதனால் ஒன்றுமே கிடையாது என்று கம்பெனி கைவிரித்தது சரியல்ல. நாலில் மூன்று பங்கைக் கொடுக்க வேண்டும்.

"முழுசுக்கும் மேலே போய்ப் பாக்கலாமாண்ணே?" என்று கேட்டாள் சத்யா.

"வேணாம் மேடம். நாலுல ஒரு பங்கு நான் செஞ்ச தப்புக்கு. கணக்கு சரியாத்தான் இருக்கு" என்றான் மணிவண்ணன்.

கம்பெனியும் மேல்முறையீடு செய்யவில்லை. செய்ய வேண்டாம் என்று அறிவரசனே எழுதிப் போட்டதாகப் பிறகு தெரிந்தது. அவர் அதை யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

பட்டறையில் கார் மெல்ல மெல்லக் காராயிற்று. எல்லா வேலையும் முடிந்து, சரத்குமார் வந்து வாசலில் நின்றபோது, பார்த்தால் மறுபடியும் ஆடி.

"வண்டி ரெடிண்ணே. பெயிண்ட் ஒண்ணுதான் பாக்கி." அடுப்படிப் பக்கம் ஓரக்கண்ணால் பார்த்தான். "என்ன பண்ணலாம்? ஆவணி பொறந்து அடிச்சுக்கலாமா?"

மணிவண்ணன் தரையைப் பார்த்தான். இந்த முறையும் அவள் ஆடி கழியட்டும் என்றால் அவன் கழியட்டும் என்பான் என்று பாப்பாயிக்குத் தெரிந்தது. அதுதான் அவளை அடுப்படியிலிருந்து வெளியே கொண்டுவந்தது.

"மாப்ள, இது ஆத்தா மாசம். தெருத்தெருவாத் தேரேறி அவளே வெளிய வர்றா. நம்ம வண்டி வரக்கூடாதா? அடிக்கச் சொல்லுங்க."

"கேட்டுக்கண்ணே" என்று சரத்குமார் கைதட்டினான். "எங் கூலியை நான் வாங்க மாட்டேன். எல்லாக் கடையிலயும் ஆடித் தள்ளுபடி போடுறான். எங் கடையில மட்டும் போடக்கூடாதா?"

அந்த ஆடியிலேயே பெயிண்ட் காய்ந்தது. அந்த ஆடியிலேயே பிரேக் இன்ஸ்பெக்டர் ஓட்டிப் பார்த்துச் சான்று கொடுத்தார். கார் வாசலுக்கு வந்தபோது பாப்பாயி நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் ஏற்றிச் சுற்றினாள். முதல் சவாரி ஐயாக்கண்ணுவுக்கு, தஞ்சாவூருக்கு. அவருக்கு உப்பில்லாத சோறும் கூட்டும் கட்டிக் கொடுக்க ஒரு பை தேவைப்பட்டது. கட்டிலுக்கடியில் கட்டிக் கிடந்த பையை இழுத்து, துணிமணிகளை எடுத்து அலமாரியில் அடுக்கிவிட்டு, பையை உதறித் தூக்குச்சட்டியை அதில் வைத்தாள்.

பின் சீட்டில் ஐயாக்கண்ணுவும் சுமதியும் ஏறிக்கொண்டார்கள். மணிவண்ணன் பழக்கதோஷத்தில் வாசலைப் பார்த்துச் சொன்னான்.

"மலரு, அத்தையை முன் சீட்டுல ஒக்காரச் சொல்லு. தஞ்சாவூர்ல பெரிய கோயிலயும் பாத்துட்டு வரட்டும்."

பாப்பாயி பையோடு காரின் கதவருகில்தான் நின்றுகொண்டிருந்தாள்.

"மலருகிட்ட ஏன் சொல்றீங்க மாப்ள? நான் இங்கதான நிக்கிறேன்" என்று கதவைத் திறந்து ஏறிக்கொண்டாள்.